படத்தின் பின்பக்கம்

மலேசியாவின் ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் லயத்து வீடுகளின் முன்சுவரில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் குடும்பப் படங்கள் தொங்கும். நாலைந்து இருந்தாலே அதிகம். கல்யாணத்துக்கு ஒன்று, தலைப்பிள்ளைக்கு ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது ஒன்று. சம்பளம் போட்ட பிறகு குளுவாங்கிலோ சிகாமட்டிலோ போட்டோ கடைக்குப் போய், மூச்சை அடக்கி நின்று எடுத்தவை அவை. பிறகு வீட்டுக்கே கேமரா வந்தது. ஆனால் ஒரு சுருளுக்கு 36 படம்தான். தைப்பூசத்தில் போட்ட சுருள் தீபாவளிவரை கழுவப்படாமல் கிடந்த வீடுகள் உண்டு.

இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், 10 அங்குல டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் நிற்கிறது. படத்துக்கு 10 விநாடி என்று வைத்தால் மணிக்கு 360 படங்கள். 2000-களின் பிற்பாதியில் வந்த ஃபிரேம்களுக்கு மெமரி கார்டில் படம் ஏற்றித் தர வேண்டும். பிள்ளைகள் அடுத்த முறை வரும்வரை அதே படங்கள்தான் சுற்றும். இப்போதையவை வைஃபையில் ஓடுகின்றன. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் கைப்பேசியில் அனுப்பியது, எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜொகூரில் அம்மாவின் கண்முன் உடனே வந்துவிடுகிறது. பேரப்பிள்ளையை வாரக்கணக்கில் பார்க்க முடியாத வீட்டில் இது பெரிய வரவு.

சுவரில் தொங்கிய படங்களுக்கு வெள்ளம் செய்ததையும் மறக்க முடியாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் பகுதிகள் மூழ்கின. 2023 மார்ச்சில் சிகாமட்டும் பத்து பகாட்டும். நனைந்த படத்தின் மேற்பூச்சு ஊறி, காயும்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வைத்த படத்துக்கு அந்தக் கதி இல்லை.

பழைய படங்களை ஃபிரேமில் ஏற்றும்போதுதான் பொறுமை வேண்டும். திரை பெரும்பாலும் 1280×800, அகலவாட்டில். நின்று எடுத்த கல்யாணப் படமோ உயரவாட்டில். திரையை நிரப்பும் அமைப்பில் விட்டால் அதில் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டு, மாப்பிள்ளை தலையில்லாமல் நிற்பார். முழுப்படமும் தெரியும் அமைப்பை வைத்து, இரு ஓரமும் கறுப்பாக இருக்கட்டும் என்று விடுவதே சரி. ஒரு படத்துக்கு 10 விநாடி போதாது. ஐந்து நிமிடமாவது கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் ஃபிரேமால் ஆகவில்லை. திதி நாளில் தாத்தா படத்தைத் துடைத்து, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவோம். மாறிக்கொண்டே இருக்கும் திரையில் பொட்டை எங்கே வைப்பது? அதனால் அந்த ஒரு படம் பல வீடுகளில் இன்னும் சுவரிலேயே இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய இழப்பாகப் படுவது படத்தின் பின்பக்கம். அங்கே கடையின் முத்திரை இருக்கும். பென்சிலில் தேதி, தோட்டத்தின் பெயர், யார் யார் என்ற விவரம் இருக்கும். ஸ்கேன் செய்கிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பல ஃபிரேம்களில் படத்தோடு ஒரு வரி எழுதி அனுப்பலாம். பெயர்களை அதில் எழுதுங்கள். எழுத்தே இல்லாத படங்களும் நிறைய. அவற்றில் நிற்பவர்கள் யாரென்று சொல்லக்கூடிய பெரியம்மாக்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.