சின்ன லேசரா, பெரிய லேசரா?

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கேடயங்கள் வேண்டும். "நீதான் இன்ஜினியராச்சே, ஒரு லேசர் மெஷின் வாங்கி நீயே செஞ்சிடேன்" என்று நண்பர் கொளுத்திப் போட்டார். எனக்குத் தூக்கம் போச்சு.

எங்களுடையது டொராண்டோவில் இரண்டு பெட்ரூம் வாடகை அபார்ட்மெண்ட். லீஸ் முடிந்தால் எப்போது வேண்டுமானாலும் வீடு மாறலாம். அதனால், தூக்கிக்கொண்டு போக முடியுமா என்பதுதான் என் முதல் கேள்வி.

கடையில் பொதுவாக இரண்டு வகை கிடைக்கும். டயோடு லேசர் சில கிலோதான். மேசையில் வைத்து வேலை முடிந்ததும் அலமாரியில் ஏற்றிவிடலாம். கார்பன் டை ஆக்சைடு லேசரில் நீளமான கண்ணாடிக் குழாய், அதைக் குளிர்விக்கத் தண்ணீர் எல்லாம் உண்டு. சிறியதே இருபது கிலோவைத் தாண்டும். இடம் மாற்றினால் உள்ளே இருக்கும் கண்ணாடிகளின் கோணத்தைத் திரும்பவும் சரிபார்க்கணும்.

ஆனால் வேலை என்று வந்தால் பெரியதுதான் ராஜா. டயோடின் நீல ஒளி சுமார் 450 நானோமீட்டர். நிறமில்லாத அக்ரிலிக்கில் அது ஜன்னல் வழியே வெயில் போவதுபோலப் போய்விடும், வெட்டாது. 10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசர் அதே அக்ரிலிக்கைப் பளபளவென்று வெட்டும். 3 மி.மீ. ப்ளைவுட்டை 10 வாட் டயோடும் வெட்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் வாட் மின்சாரத்துக்கா, வெளிவரும் ஒளிக்கா என்று பாருங்க. நமக்கு வேண்டியது ஒளியின் கணக்கு.

எல்லாம் ஒப்பிட்டு எக்ஸெல் போட்டு மனைவியிடம் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "இது ஓடும்போது பாப்பா எங்க இருப்பா?"

அந்தக் கேள்விக்கு என் எக்ஸெலில் பத்தியே இல்லை. திறந்த சட்டத்தில் ஓடும் டயோடு லேசர் நான்காம் வகுப்பைச் சேர்ந்தது. எதிரொளிப்பு பட்டாலே விழித்திரை பாதிக்கப்படலாம். அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. மரம் கருகும் புகை வேறு. ஜனவரிக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைக்கவும் முடியாது.

கடைசியில் 10 வாட் டயோடுதான் வாங்கினேன். ஆனால் மூடியைத் திறந்தால் தானாக நிற்கும் பெட்டியோடும், புகையை வெளியேற்றும் விசிறி, குழாயோடும். இதையெல்லாம் சேர்த்தால் 'கையடக்கம்' பாதி காணாமல் போச்சு! வாங்கும்போது மெஷின் எடையை மட்டும் பார்க்காதீங்க. பெட்டி, குழாயையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. பி.வி.சி. பிளாஸ்டிக்கை மட்டும் எந்த லேசரிலும் வைக்காதீங்க. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் ஆகாது, மெஷினும் துருப்பிடிக்கும்.

கேடயங்களை ப்ளைவுட்டிலேயே செய்தேன். அக்ரிலிக் வேலை எப்போதாவது வந்தால், பெரிய லேசர் வைத்திருக்கும் மேக்கர்ஸ்பேஸில் போய் வெட்டிக்கொள்ளலாம். 'ழ'வின் சுழியில் லேசர் மெதுவாகத் திரும்புவதைப் பார்க்க மகளுக்கு ஆசை. மூடி மூடியிருக்கு, கண்ணாடியும் போட்டிருக்கா. இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறாள்.