குளிரில் மிதிப்பவரின் முதல் சட்டை

கடுங்குளிரில் சைக்கிள் மிதிப்பவருக்கு முதல் தொல்லை அவர் உடலிலிருந்தே கிளம்பும் வெப்பம்தான். கேட்க முரணாக இருந்தாலும், கணக்குப் போட்டால் விளங்கிவிடும். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அவரே சைக்கிளில் ஏறி, மிதிகட்டையில் 100 வாட் செலுத்தி, சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடல் செலவிடும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் மிதிகட்டைக்குப் போய்ச் சேரும். மீதி அத்தனையும் வெப்பமாகிவிடும். ஆக, அந்த 100 வாட் வேலைக்காக 300 முதல் 400 வாட் வெப்பம் உடலுக்குள் பிறக்கிறது.

பிறந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். அதற்கு உடலிடம் உள்ள வலிமையான வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 350 வாட்டை வியர்வையால் மட்டுமே தணிப்பதென்றால் மணிக்கு அரை லிட்டர் ஆவியாக வேண்டும். குளிர்காற்றே பெரும்பங்கு வெப்பத்தை வாரிச் சென்றுவிடுவதால் அந்த அளவுக்கு வியர்ப்பதில்லை. ஆனால் குளிருக்குப் பயந்து கனத்த ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு மேடேறினால் பத்தே நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும்.

முன்பக்கத்தில் நடப்பதோ நேர்மாறு. காற்றே இல்லாத காலையிலும் சைக்கிள்காரர் தன் வேகத்தால் தனக்கென ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். காற்று எவ்வளவு வெப்பத்தைப் பறிக்கும் என்று 1941இல் அண்டார்க்டிகாவில் பால் சைப்பிளும் சார்லஸ் பாசெலும் அளந்து பார்த்தார்கள். நீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளையை வெளியே தொங்கவிட்டு, காற்றின் வேகத்துக்கு ஏற்ப நீர் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று குறித்துக்கொண்டார்கள். கனடாவும் அமெரிக்காவும் 2001இல் திருத்தி அமைத்த சூத்திரத்தின்படி, மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 12 டிகிரியாக உறைக்கும். நம்மவர்கள் பலர் வாழும் டொராண்டோவில் மைனஸ் 5 என்பது சாதாரணமான ஒரு ஜனவரிக் காலை.

மார்பில் மைனஸ் 12, முதுகில் வியர்வை. ஒரே உடலில், ஒரே நேரத்தில். பழைய காலப் பந்தய வீரர்கள் மலை உச்சியில் ஒரு செய்தித்தாளை வாங்கி ஜெர்சிக்குள் மார்போடு செருகிக்கொண்டு கீழே இறங்குவார்கள். காற்றைத் தடுக்க அந்தத் தாளே போதும்; முதுகு திறந்தே இருப்பதால் ஈரமும் தங்காது. பணமே செலவாகாத இந்த ஏற்பாட்டை விடச் சிறந்த பாடம் குளிர் உடை பற்றி யாரும் சொல்லித் தந்ததில்லை என்பது என் எண்ணம்.

மிதித்துக்கொண்டிருக்கும்வரை ஈரம் பெரிதாக உறைக்காது. நின்ற பிறகுதான் ஆபத்து. சட்டையில் 100 கிராம் வியர்வை மிச்சம் இருக்கிறது என்போம். ஒரு காபி டம்ளர் அளவுதான். அது முழுவதும் ஆவியாக 2,40,000 ஜூல் வேண்டும். அதை அரை மணி நேரத்தில் உடலே கொடுத்து உலர்த்துவதென்றால் நொடிக்கு 133 ஜூல், அதாவது 133 வாட். நின்றுவிட்ட உடலிலோ பிறப்பது 100 வாட்தான். வரவை மிஞ்சிய செலவு! ஒரு பங்கு வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வரும் என்பதால் உண்மையில் நிலைமை இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் சிக்னலில் நிற்கும்போதும், டயர் பஞ்சராகி ஓரங்கட்டும்போதும், அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் வரும் நடுக்கத்துக்கு இந்தக் கணக்குதான் காரணம். போதாததற்கு, நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். துணியின் இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடமெல்லாம் நீர் புகுந்துவிட்டால் கதகதப்பு போயே போய்விடும்.

நமக்குப் பழகிய பருத்திப் பனியன் இங்கேதான் கைவிடுகிறது. பருத்தி நூலிழை நீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சி உப்பிக்கொள்ளும். 150 கிராம் எடையுள்ள பருத்திச் சட்டை தன் எடைக்குச் சமமாகவும் அதற்கு மேலும் நீரைப் பிடித்துக்கொண்டு, தோலோடு ஒட்டி, விடமாட்டேன் என்று நிற்கும். சென்னை வெயிலில் அந்த ஈரம்தான் நம்மைக் காக்கிறது. அதே குணம் பனிக்காற்றில் எதிரியாகிவிடுகிறது.

ஆகவே, தோலை ஒட்டிப் போடும் முதல் சட்டையிடம், கடைக்காரர்கள் பேஸ் லேயர் என்றோ தெர்மல் என்றோ சொல்லும் அந்தச் சட்டையிடம், நாம் கேட்க வேண்டியது சூடு இல்லை. சூடு நம்மிடமே மிதமிஞ்சி இருக்கிறது. தோலில் இருக்கும் நீரை எடுத்து வெளியே கொண்டுபோய்ப் பரப்பிவிட்டால் போதும், அதன் வேலை முடிந்தது. இந்த வேலையை மலிவான துணி நன்றாகவே செய்யும். எப்படி என்பதில்தான் வியப்பு இருக்கிறது.

பாலியெஸ்டர் இழைக்குள் நீர் ஏறத்தாழ நுழையவே நுழையாது. சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதமும் கம்பளி சுமார் 16 சதவீதமும் ஈரத்தை வைத்திருக்கும்போது, பாலியெஸ்டர் வைத்திருப்பது 0.4 சதவீதம். நீரை வேண்டாம் என்று தள்ளும் இழைதான் நீரைச் சுமந்துபோக ஏற்றதாகவும் இருக்கிறது. இழைக்குள் இடம் கிடைக்காத நீர், இழைக்கும் இழைக்கும் நடுவில் உள்ள மெல்லிய சந்துகளில் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிப் பரவுகிறது. சந்து எவ்வளவு குறுகலோ இழுவை அவ்வளவு அதிகம். இந்த நுண்புழை விதியை நெசவாளர்கள் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தினார்கள்: துணியின் உட்பக்கத்தில் தடித்த இழை, வெளிப்பக்கத்தில் மெல்லிய இழை. உள்ளே அகன்ற சந்து, வெளியே குறுகிய சந்து. நீர் தானாகவே தோலிலிருந்து வெளிமுகத்துக்கு இழுபட்டுப் போகும். மின்சாரமோ பம்போ வேண்டாம். இழையின் நீளம் முழுக்க வாய்க்கால்போல் பள்ளம் இருக்கும்படி வார்த்த கூல்மேக்ஸ் பாலியெஸ்டரை டியூபாண்ட் நிறுவனம் 1986இல் கொண்டுவந்தது. இன்று அதே தத்துவத்தில் அமைந்த துணி, ஓட்டக்காரர்களின் முழுக்கை டீ-ஷர்ட்டிலும் கால்பந்து ஜெர்சியிலும் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது.

கையில் இருக்கும் சட்டை எப்படிப்பட்டது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். சட்டையை உட்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, சமமாக விரித்து, விரல் நுனியால் ஒரு சொட்டு நீர் வையுங்கள். நல்ல துணியில் சொட்டு ஓரிரு நொடியில் தட்டையாகி மறையும். மறுபக்கம் புரட்டினால் அங்கே ஈரவட்டம் உள்ளே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கும். உள்முகம் தொட்டால் கிட்டத்தட்ட உலர்ந்தே இருக்கும். சொட்டு கண்ணாடி மணிபோல அப்படியே உருண்டு நின்றால் அந்தத் துணி வியர்வையைத் தோலிலேயே விட்டுவிடும். மலிவுச் சட்டைகள் சிலவற்றில் இழையின் அமைப்பு சாதாரணமாகவே இருக்கும். மேலே பூசிய ஒரு ரசாயனம்தான் நீரை ஈர்க்கும். சில பத்துச் சலவையில் பூச்சு போய்விடும். பள்ளம் வார்த்த இழையில் பள்ளம் எங்கும் போகாது. துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றுவது இரண்டு வகைக்குமே கெடுதல். அது இழைகளின் மேல் மெழுகுப் படலம்போலப் படிந்து நீர் ஏறும் வழியைக் கெடுத்துவிடும்.

விலையில் மேலே நிற்பது மெரினோ கம்பளி. கம்பளி இழையின் மேற்பரப்பில் கொழுப்பு அமிலப் படலம் ஒன்று இருக்கிறது. நீர்த்துளியை அது ஒதுக்கும். உள்ளே இருக்கும் கெரட்டின் புரதமோ நீராவியை ஆசையோடு வாங்கிக்கொள்ளும். ஈரம் முற்றிய காற்றில் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரைக் கம்பளி இழைக்குள்ளேயே அடக்கிவிடும். தொட்டால் ஈரம் தெரியாது. ஆவி அப்படி இழையில் பிணையும்போது, தோலை விட்டுக் கிளம்பியபோது அது எடுத்துச் சென்ற வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். 20 கிராம் ஆவி பிணைந்தால் கிட்டத்தட்ட 50,000 ஜூல். கால் மணி நேரத்துக்குப் பரப்பிப் பார்த்தால் 55 வாட். வெளியே வந்து குளிரில் காலை வைத்த முதல் சில நிமிடங்களில் ஓர் ஆட்டின் மயிர் இப்படிச் சூட்டைத் தருகிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அதிசயமாகவே இருக்கிறது. பிறகு உலரும்போது அதே அளவு வெப்பத்தை அது திரும்ப வாங்கிக்கொள்ளும் என்பதும் உண்மை.

கம்பளி குத்தும் என்ற பயம் தடித்த மயிருக்குத்தான் பொருந்தும். 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைமுனைகள்தான் தோலைச் சுருக்கென்று குத்தும்; நல்ல மெரினோ 20 மைக்ரானுக்கும் குறைவு. புதிதாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். மெல்லிய மெரினோ ஸ்வெட்டர்கள் குளிர்நாட்டுப் பழைய துணிக் கடைகளில் மலிவாக வந்து விழும். அலுவலகச் சட்டைக்கு மேலே போடத் தைக்கப்பட்டவை அவை. தோலை ஒட்டிப் போட்டுக்கொள்ளத் தடையொன்றும் இல்லை. முழங்கையில் ஓட்டை விழுந்திருந்தாலும் ஜாக்கெட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது?

மெரினோவுக்குக் கூடுதல் காசு கொடுக்க ஒரே ஒரு வலுவான காரணத்தைத்தான் நான் ஒப்புக்கொள்வேன்: நாற்றம். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தினர் 26 பேரை நிலைச் சைக்கிளில் மிதிக்கவைத்து, அவர்கள் போட்டிருந்த டீ-ஷர்ட்களை ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பருத்தியைவிடப் பாலியெஸ்டர் மோசமாக நாறியது. நாற்றத்தோடு தொடர்புள்ள மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா பாலியெஸ்டரில் செழித்து வளர்ந்திருந்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்விலோ கம்பளி எல்லாவற்றையும்விடக் குறைவாக நாறியது. நாலைந்து நாள் சைக்கிளில் ஊர் சுற்றப் போகிறவர், துவைக்க வழியில்லாதவர், கம்பளி வாங்கலாம். தினமும் வேலைக்குப் போய் வந்து மாலையில் சட்டையை அலசிப் போடுகிறவருக்குப் பாலியெஸ்டரே போதும். இரவு முடிவதற்குள் காய்ந்தும் விடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: வலைப் பனியன். நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் புரூன் 1933இல் மீன்பிடி வலைத் துண்டுகளைச் சேர்த்து ஒரு பனியன் செய்தார். பாதிக்கு மேல் ஓட்டையாக உள்ள உடை எப்படிக் கதகதப்பைத் தரும்? மேலே இன்னொரு சட்டை வந்து மூடியதும் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு சிறு காற்றறை உருவாகிறது. நகராத காற்றை மிஞ்சிய வெப்பக்காப்பு எளிதில் கிடைக்காது. வியர்வை ஆவியும் ஈரத்துணியைத் தொடாமல் நேரே வெளிச்சட்டைக்குப் போய்விடும். ஈரமாகும் துணி தோலைத் தொடுவதே இல்லை. 1953இல் எவரெஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் குழுவின் உடைமைகளிலும் வலைப் பனியன் இருந்தது. கடும் மேடேறுபவர்களுக்கு இதை மிஞ்சியது இல்லை என்பது என் துணிபு. மேல்சட்டை இல்லாவிட்டால் மட்டும் இதனால் ஒரு பயனும் கிடையாது.

பாலிபுரொப்பிலீன் உள்சட்டையும் மலிவு, பாலியெஸ்டரைவிடவும் குறைவாகவே ஈரம் ஏற்கும். பெடகோனியா நிறுவனம் 1980இல் அதைக் கொண்டுவந்தபோது, சலவை நிலையங்களின் சூடான டிரையர்களில் அது உருகிப்போனதாக வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். 1985இல் நிறுவனம் பாலியெஸ்டருக்கு மாறிவிட்டது. வாங்கினால் கொடியில் காயப்போடுங்கள். லேபிளில் ரேயான் அல்லது விஸ்கோஸ் கணிசமாகச் சேர்ந்திருந்தால், உட்கார்ந்திருப்பவருக்கான கதகதப்புச் சட்டை அது. ரேயானும் பருத்தியைப்போல ஈரத்தை விழுங்கும். பேருந்துக்குக் காத்து நிற்க உதவும், மிதிப்பதற்கு உதவாது.

சட்டை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். தொடாத துணியால் நீரை எடுக்க முடியாது. தொளதொளப்பாக இருந்தால் வியர்வை முதுகில் கோடாக வழிந்து இடுப்பில் போய்ச் சேரும். சைக்கிளில் குனியும்போது இடுப்பு வெளியே தெரியாதபடி பின்பக்கம் நீளமாக இருக்கட்டும். கழுத்தில் ஒரு ஜிப் இருந்தால் மேட்டில் திறந்து, இறக்கத்தில் மூடிக்கொள்ளலாம். கனம் வேண்டாம். சதுர மீட்டருக்கு 150 கிராம் துணி போதும், ஏனென்றால் தடித்த துணி அதிக நீரைப் பிடித்துவைக்கும், மெதுவாகக் காயும். கால்களுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. உழைக்கும் தசை அங்கேதான் இருக்கிறது. முழங்காலின் முன்பக்கம் மட்டும் காற்றுப் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஃபின்லாந்தின் ஓலு நகரில் குளிர்காலம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் சைக்கிளில் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கான முதல் சர்வதேச மாநாடு 2013இல் அங்கேதான் நடந்தது. அங்கே தெருவில் காண்பவர்களில் பெரும்பாலோர் போட்டிருப்பது தினப்படிக் கோட்டுதான். நிதானமாக மிதிக்கிறார்கள். வேகம் பாதியானால் காற்றை எதிர்க்கும் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். வெப்பமும் அந்த வழியே குறையும். வியர்வைக்கே வேலை இல்லை. புறப்படும்போது முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிரட்டும் என்று விட்டு, மேலே ஓர் அடுக்கைக் குறைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ இதே பலன் கிடைக்கும்.

அவசரமாகப் போக வேண்டியவர்கள் வியர்க்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு புதிய மெரினோ சட்டைக்கு வைத்திருக்கும் பணத்தில் இரண்டு, மூன்று பாலியெஸ்டர் சட்டைகள் வாங்கலாம். ஒன்றைப் போட்டுக்கொண்டு மிதியுங்கள். இன்னொன்றைப் பாலிதீன் பையில் சுற்றிப் பையில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும், உடல் சூடு தணிவதற்குள், ஈரத்தைக் கழற்றிவிட்டு உலர்ந்ததை மாட்டுங்கள். அந்த 133 வாட் செலவு அந்த நொடியிலேயே நின்றுவிடும். திரும்பி வருவதற்குள் முதல் சட்டையும் நாற்காலி முதுகில் காய்ந்திருக்கும்.