காது திரும்பும் திசை

தை மாதம் சிவகங்கை மாவட்டம் சிராவயல் பொட்டலுக்கு மஞ்சுவிரட்டு பார்க்க வரும் வெளியூர்க்காரர், வீரர் ஒருவர் திமிலைப் பிடித்துத் தொங்கும் அந்தச் சில நொடிகளைச் செல்போனில் எடுத்துவிட்டால் போதும் என்று நிற்பார். பக்கத்தில் நிற்கும் உள்ளூர்ப் பெரியவரின் கண்ணோ மாட்டின் காதிலும் முன்னங்காலிலும் இருக்கும்.

மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. நேர் பின்புறமும் மூக்கை ஒட்டிய சிறு இடமும் தவிர, சுற்றிலும் நடப்பது அதற்குத் தெரியும். எவனைக் கவனிக்கிறதோ அவன் பக்கம் காது திரும்பும். கூடவே தலை தாழ்ந்து, முன்னங்கால் மண்ணைப் பறித்தால் பாய்ச்சல் வரப்போகிறது. தேர்ந்த மாடுபிடி வீரர் அதற்குள் மறுபக்கம் போய், கொம்பு எட்டாதபடி கழுத்தோரம் சேர்ந்திருப்பார். கை திமிலில் விழுமுன்பே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் பேஸ்பால் பார்த்துப் பழகியவர்களும் இப்படித்தான். ஃபீல்டர்கள் ஓரிரு அடி இடம் மாறுவதை வைத்தே அடுத்த பந்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று ஊகித்துவிடுவார்கள்.

அவிழ்த்ததும் ஓடி மறையும் மாட்டுக்கு இங்கே பெரிய மரியாதை இல்லை. நின்று விளையாட வேண்டும். அதற்குப் பேர்போனது சிவகங்கை மாவட்டத்தின் சொந்த இனமான புலிக்குளம். நடுத்தர உடம்பு, சட்டென்று திரும்பும் கால். வயலில் கிடை போட்டு மந்தையாக வளர்க்கப்படுவதால் அந்நியர் கை பட்டுப் பழகாதது. நின்ற இடத்திலேயே அது ஒரு சுற்றுச் சுற்றினால், பிடித்தவர் தூரப் போய் விழுவார்.

அலங்காநல்லூரில் வாடிவாசல் வழியாக ஒவ்வொன்றாக வரும் காளையைப் பார்த்தவர்களுக்குச் சிராவயல் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். தொழுவிலிருந்து கோயில் காளை முதலில் வரும். அதை யாரும் பிடிப்பதில்லை. பிறகு மற்ற தொழுமாடுகள். அதற்கிடையில் சுற்றியுள்ள பொட்டலிலும் வயலிலும் கட்டுமாடுகள் அவிழ்த்துவிடப்படும். எங்கிருந்து எது வரும் என்று தெரியாது. வேலியில்லாத இந்தத் திறந்தவெளியில்தான் ஆபத்தும்: 2024-இல் இங்கே வேடிக்கை பார்க்க வந்த இருவர் மாடு முட்டி இறந்தார்கள், அதில் ஒருவன் சிறுவன். 2017-இல் இந்த விளையாட்டுகளை அனுமதிக்கும் சட்டத் திருத்தம் வந்தது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனாலும் கட்டுமாடு அவிழ்க்கும் வயலில் பார்வையாளருக்குத் தடுப்பு இல்லாதது பெரிய குறைதான்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவருக்கு வடமாடு நல்லது. நடுவில் நீளமான வடத்தில் காளை. எதிரே பெரும்பாலும் 9 பேர் கொண்ட அணி. நேரம் 20 முதல் 25 நிமிடம். சாமர்த்தியமான காளை வடத்தின் எல்லை வரை ஓடி மூச்சைச் செலவழிக்காது. நடுவிலேயே நின்று ஆட்களை உள்ளே வரவைக்கும். ஒருவர் முன்னால் போக்குக் காட்டுவார், அந்த நேரத்தில் இன்னொருவர் பக்கவாட்டில் நுழைவார். கூட்டம் கைதட்டுவது நுழைந்தவருக்கு. காளை வளர்ப்பவர்களோ போக்குக் காட்டியவர் யார், எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். நேரம் முடியும்வரை பிடிபடாவிட்டால் பரிசு மாட்டுக்காரருக்கு.