மாற்றுத்திறனாளிகளுக்கு இன்டர்ன்ஷிப்: நிறுவனங்கள் எங்கே கோட்டை விடுகின்றன?

மாற்றுத்திறனாளி இளைஞர்களை இன்டர்னாக எடுப்பது நிறுவனங்களுக்குப் பெருமையான விஷயம். முதல் நாள் பூங்கொத்து, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. இரண்டாவது வாரம் போய்ப் பார்த்தால், "உங்களுக்கு எதுக்குப்பா சிரமம், உட்காருங்க" என்று ஓரமாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருப்பார்கள். மூன்று மாதம் கழித்து கையில் சான்றிதழ் இருக்கும். அடுத்த இன்டர்வியூவில் "அங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஏன் இப்படி? ஆளை முதலில் எடுத்துவிட்டு, அவருக்கான வேலையை அப்புறம் தேடுவதால்தான்.

சின்சினாட்டியில் நடந்தது என்ன?

அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை 1996-ல் இதைத் தலைகீழாகச் செய்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பில் இருந்த எரின் ரீலிக்கு அப்போது ஒரு தலைவலி. மருத்துவப் பொருட்களை அலமாரிகளில் நிரப்பும் வேலையில் யாரும் நிலைத்து இருப்பதில்லை. அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன என்று யோசித்தார். அப்படிப் பிறந்ததுதான் 'புராஜெக்ட் சர்ச்'.

பள்ளிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் ஓராண்டு முழுக்க பணியிடத்துக்கே வருவார்கள். தினமும் கொஞ்ச நேரம் அங்கேயே வகுப்பு, மீதி நேரம் வேலை. ஒரே இடத்தில் முடக்காமல் மூன்று வெவ்வேறு பிரிவுகளுக்கு மாற்றுவார்கள். பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளுக்கும் இது பரவியிருக்கிறது. இங்கே வேலை, ஒப்புக்குக் கொடுத்த வேலை அல்ல. அலமாரியை நிரப்பாவிட்டால் செவிலியர் கை நீட்டும்போது ஊசி இருக்காது!

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். என்னென்ன வசதி செய்து தருவோம் என்பது அதில் இருக்க வேண்டும்.

"சான்றிதழ்ல 40 சதவீதம் இருக்கா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கும் ஹெச்.ஆர்.கள் உண்டு. அரசு வேலை இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத்தான் அந்த அளவுகோல். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர், யு.பி.எஸ்.சி தேர்வெழுத உதவியாளர் கேட்ட வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக அதை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லிவிட்டது.

என்ன செய்யலாம்?

தடை ஆரம்பிப்பதே விண்ணப்பத்தில்தான். படத்தில் தெரியும் எழுத்தை டைப் செய்யச் சொன்னால் பார்வையற்றவர் அதோடு வெளியே. ரேம்ப் போட்டாச்சு என்பார்கள். கழிவறைக் கதவில் வீல்சேர் நுழையாது. அதற்குப் பயந்தே நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

பல மாற்றங்களுக்குப் பெரிய செலவே இல்லை. காது கேளாத இன்டர்ன் இருக்கும் குழுவில், வாயால் சொன்னதை சாட்டிலும் போட்டுவிடலாம். ஆட்டிசம் உள்ளவருக்கு அன்றைய வேலையை வரிசையாக எழுதிக் கொடுக்கலாம். என்ன வேண்டும் என்று கூட வந்த அப்பா, அம்மாவிடம் கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். அவர் சொன்னதை ஆபீஸ் முழுக்கப் பரப்பவும் கூடாது.

ஸ்டைபெண்ட் மற்ற இன்டர்ன்களுக்கு எவ்வளவோ, அவ்வளவே. மதிப்பீடும் அப்படித்தான். பரிதாபப்பட்டு எல்லாவற்றுக்கும் 'வெரி குட்' போட்டால், எங்கே தவறு செய்தோம் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். கடைசியில் கொடுக்கும் சான்றிதழில் 'சிறப்பாகப் பங்கேற்றார்' என்று முடிக்காமல், எந்தப் பிரிவில், எத்தனை வாரம், என்னென்ன வேலையைத் தனியாகச் செய்தார் என்று எழுதிக் கொடுக்கலாம்.