மழை பெய்தால் நெஞ்சு படபடப்பது ஏன்?

ஐப்பசி மாதத்து இரவு. மணி பதினொன்று. மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு வீடு. ஜன்னலுக்கு மேலுள்ள தகரத்தில் மழைத்துளிகள் விழுகின்றன. தூறல்தான். மற்றவர்கள் உறங்க, வீட்டு அம்மாள் மட்டும் திடுக்கிட்டு எழுகிறார். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துப் போகின்றன. மாரடைப்போ என்று மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த மருத்துவர், "இதயத்தில் கோளாறு இல்லை" என்கிறார்.

இந்த அம்மாள் நம் கற்பனையில் பிறந்தவர். அவருடைய அச்சத்தின் காரணமோ கற்பனையன்று. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. மக்களைப் படகுகளில் மீட்க வேண்டியதாயிற்று. 2021-லும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அங்கு மீண்டும் வெள்ளம். இவற்றையெல்லாம் கண்ட ஒருவர் மழைக்கு அஞ்சினால் அது நோயாகுமா?

ஆகாது. அச்சம் உயிரைக் காக்க அமைந்த ஏற்பாடு. மூளையின் உட்பகுதியில் வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தின் சாயல் தெரிந்ததும் அது எச்சரிக்கை மணி அடிக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைகிறது; தசைகள் முறுக்கேறுகின்றன; செரிமானம் தள்ளிப்போடப்படுகிறது. சண்டையிடவோ ஓடவோ உடல் தயார்! அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் 1915-ல் இதை விளக்கினார்.

விரல் மரத்தது எதனால்? ஓடாமல் உட்கார்ந்தபடியே வேகமாக மூச்சு வாங்கினால், இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. விரல்களும் உதடுகளும் மரக்கின்றன. அதைக் கண்டு அச்சம் மேலும் பெருக, மூச்சு இன்னும் வேகமாகிறது. இந்தத் திடீர்ப் பீதி பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுப் பின் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்கள் அனுபவிப்பவருக்கு ஒரு யுகம்! 'எல்லாம் வெறும் பிரமை' என்று அவரிடம் சொல்வது சரியன்று. துடிப்பு உண்மை, வியர்வை உண்மை, தீ மட்டுமே இல்லை.

தீயில்லாதபோதும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் அது நோய். வானம் வெளுத்த பின்னும் உறக்கமின்மை, எரிச்சல், கழுத்து வலி, வயிற்றுக் கலக்கம், கவனச் சிதறல் ஆகியவை மாதக் கணக்கில் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் அதைப் பதற்ற நோய் என்பர். மழையல்லாமல் தேர்வு, மேடை, கூட்டம் என எதை ஒட்டியும் இது வரலாம். பேரிடருக்குப் பின், நடந்ததே மனத்திரையில் மீண்டும் மீண்டும் ஓடும் நோய் இதற்கு நெருங்கிய உறவு.

நோயை வளர்ப்பது எது தெரியுமா? தவிர்த்தல். பீச்–தாம்பரம் மின்சார ரயிலின் நெரிசலில் ஒருவருக்கு ஒரு முறை பீதி வருகிறது என்று கொள்வோம். மறுநாள் அவர் ரயிலில் ஏறவில்லை, நிம்மதி கிடைக்கிறது. 'ஏறாததால்தான் பிழைத்தோம்' என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. பின்பு பேருந்து, கடைத்தெரு என்று அவருடைய உலகமே சுருங்குகிறது.

சிகிச்சை இதற்கு நேர் எதிர்த் திசையில் செல்கிறது. முதலில் தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, இதய நோய் ஆகியவை இல்லையென உறுதி செய்வார்கள். முதன்முறையாக நெஞ்சுவலி வந்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். பின்பு, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள். ரயிலுக்கு அஞ்சுபவர் முதல் நாள் தாம்பரத்தில் ஏறி அடுத்த நிலையமான சானடோரியத்தில் இறங்கினால் போதும். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. சில மருந்துகள் பலன் தர வாரங்கள் ஆகும். அக்கம்பக்கத்தார் தரும் தூக்க மாத்திரையை விழுங்குவது மட்டும் கூடாது; பழக்கமாகிவிடும்.

நம் அம்மாள் வெள்ளத்தை எதிர்கொண்டு பழக வேண்டியதில்லை. வெள்ள எச்சரிக்கை வந்தால் வெளியேற வேண்டும். பத்திரங்களைப் பரணில் ஏற்றுவது விவேகம். தூறலுக்கெல்லாம் விடிய விடியத் தொலைக்காட்சியில் வானிலைச் செய்தி பார்ப்பதைத்தான் அவர் குறைக்க வேண்டும். மாலையில் ஒரு முறை பார்த்தால் போதும். படபடப்பு வந்தால் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடலாம். காபியைக் குறைப்பதும் நல்லது. இரவு எந்நேரமும் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். 2022-ல் தொடங்கிய இந்த அரசுச் சேவைக்குக் கட்டணம் கிடையாது.