மாத்திரை மாற்றமும் மாதவிடாயும்

கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண் ஒரு வகையினின்று மற்றொன்றுக்கு மாறும்போது இடைநாட்களில் இரத்தக்கசிவு தோன்றுவதும், வழமையான உதிரப்போக்குக் குறைவதும், சிலவேளை அறவே நிற்பதும் உண்டு. இதனை நோயெனக் கருதி மாத்திரையையே கைவிடுவோர் உளர். தாயின் உயிரைக் காக்கும் நோக்கத்துக்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அனுமதியாத இலங்கையில், இத்தவறான முடிவின் விளைவு பாரதூரமானது.

மாத்திரைக் காலத்து உதிரப்போக்கு இயற்கையான மாதவிடாய் அன்று என்பதை நாம் முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். இயற்கை வட்டத்தில் வெளிப்பட்ட முட்டை கருக்கட்டாதவிடத்து ஓமோன்கள் குறைந்து கருப்பையின் உட்படை கழிகிறது. ஈஸ்ரோஜனும் புரொஜெஸ்ரோஜனும் சேர்ந்த கூட்டு மாத்திரையோ முட்டை வெளிப்படுவதையே தடுக்கிறது. வழமையாக 21 நாட்கள் அதனை உண்டபின் வரும் 7 நாள் இடைவெளியில் ஓமோன் நிறுத்தப்படுவதாலேயே உதிரம் வெளிப்படுகிறது. (28 மாத்திரை அட்டைகள் பலவற்றில் இறுதி ஏழும் ஓமோன் அற்றவை, சிலவற்றில் இருப்பது இரும்புச்சத்தே.) இயற்கை வட்டத்தை ஒத்திருக்கும்படி மாத்திரையை உருவாக்கியோர் வகுத்த ஏற்பாடு இது. இவ்விடைவெளியால் உடல்நலத்துக்கு நன்மை எதுவுமில்லை எனப் பிரித்தானியாவின் பாலியல், இனப்பெருக்கச் சுகாதார மருத்துவபீடம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியது.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் ஓமோனின் அளவாகும். 1960 இல் ஐக்கிய அமெரிக்காவில் கருத்தடைக்கென அனுமதி பெற்ற எனோவிட் மாத்திரையில் 150 மைக்கிரோகிராம் மெஸ்ரனோல் என்னும் ஈஸ்ரோஜன் இருந்தது. (1956 இல் அதன் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டோர் புவேர்ட்டோ றிக்கோவின் வறிய பெண்கள் என்பதும் மறக்கற்பாலதன்று.) இன்றைய கூட்டு மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் 20 முதல் 35 மைக்கிரோகிராம் எதினைல் ஈஸ்ரடையோலே உண்டு. குருதி உறைவு அபாயத்தைத் தணிக்கவே அளவு குறைக்கப்பட்டது. ஆனால் ஈஸ்ரோஜன் குறையுமிடத்து உட்படையின் உறுதியும் தளர்கிறது. எனவே குறைந்த அளவுக்கு மாறுபவருக்குக் கசிவு தோன்றுதல் எதிர்பார்க்கத்தக்கதே. அது பெரும்பாலும் மூன்று மாதங்களுள் தணியும். புரொஜெஸ்ரோஜன் மட்டுமுள்ள மாத்திரையாயின் ஒழுங்கின்மை நீடிக்கவும் கூடும்.

கூட்டு மாத்திரையிலிருந்து இன்னொரு கூட்டு மாத்திரைக்கு மாறுபவர், பழைய அட்டையின் இறுதி ஓமோன் மாத்திரைக்கு மறுநாளே புதியதைத் தொடங்கலாம். அவ்வாறாயின் அம்மாதம் உதிரப்போக்கு வராதிருக்கலாம். ஒழுங்காக உண்டவர் அதனைக் கருத்தரிப்பென அஞ்ச வேண்டியதில்லை. மாத்திரையைத் தவறவிடுதலும், காசநோய்க்குரிய றிபாம்பிசின், வலிப்பு நோய்க்குரிய சில மருந்துகள் ஆகியவற்றை உடன் உட்கொள்ளுதலும் வேறு. அவை கசிவை மட்டுமன்றிக் கருத்தரிப்பையும் ஏற்படுத்தலாம்.

மூன்று மாதங்களுக்கு மேலும் கசிவு தொடரின், அல்லது உடலுறவின்பின் இரத்தம் காணின், மருத்துவரை நாடவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல் என்பன தோன்றின் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.