ஏரியில் படகு விட ஆசையா? மூட்டையில் என்ன இருக்க வேண்டும்?

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தண்ணீர் புதிது அல்ல. ஒரு பக்கம் காவேரி. மறுபக்கம் கொள்ளிடம். நடுவே அவர்கள் ஊர். ஆடிப் பதினெட்டு வந்தால் அம்மா மண்டபம் படித்துறையில் எள் விழ இடம் இராது. திருச்சிக் குடும்பங்கள் சித்ரான்னம் கட்டிக்கொண்டு முக்கொம்புக்குப் புறப்பட்டுவிடும்.

கோடை விடுமுறை வந்துவிட்டால் இதே வீடுகளில் வேறு பேச்சு. "கொடைக்கானலுக்குப் போவோம். ஏரியில் படகு விடுவோம்!" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள்.

போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் ஆற்றங்கரைக்குக் கட்டும் மூட்டை வேறு. ஏரிக்குக் கட்டும் மூட்டை வேறு.

மலைமேல் ஒரு நட்சத்திரம்

கொடைக்கானல் ஏரி, மனிதர் உண்டாக்கிய ஏரி. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல் ஓடை நீரைத் தேக்கி இதை அமைத்தார். பரப்பு சுமார் 60 ஏக்கர். மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் போல் தெரியும். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 7 ஆயிரம் அடி உயரம்.

இங்கே துடுப்புப் படகும் உண்டு. காலால் மிதித்து ஓட்டும் படகும் உண்டு. திருச்சியில் வெயில் கொளுத்தும் சித்திரை மாதத்திலும் இங்கே மாலையானால் உடம்பு நடுங்கும்.

ஆகையால் மூட்டையில் முதலில் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர். குழந்தைகளுக்குக் காது மூடும் குல்லாய். ஒரு துண்டு. ஒரு செட் மாற்றுத்துணி. இந்த மாற்றுத்துணி படகில் ஏறக்கூடாது. கரையில், காரில் அல்லது தங்கும் இடத்தில் இருக்க வேண்டும். நனைந்து வருகிறவருக்கு நனையாத துணி வேண்டும் அல்லவா?

கெடாத சோறு எது?

ஊரில் இருந்து போவதற்கே அரை நாளுக்கு மேல் ஆகிவிடும். திருச்சி ஜங்ஷனில் ரெயில் ஏறினால் மணப்பாறை, திண்டுக்கல் வழியாகக் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து பஸ்சில் மலை ஏற வேண்டும்.

இதற்கு ஏற்ற சோறு புளியோதரை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்து அதைச் சீக்கிரம் கெடவிடாது. தேங்காய் சாதம் வேண்டாம். கட்டுச்சோற்றில் முதலில் ஊசிப்போவது அதுதான். தயிர் சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி, தயிரைக் கொஞ்சமாகக் கலந்து பிசையுங்கள். மத்தியானம் திறக்கும்போது புளிக்காமல் இருக்கும். வாழை இலையை அனலில் வாட்டிக் கட்டினால் கிழியாது.

நொறுக்குத் தீனிக்குக் கவலை இல்லை. வழியிலேயே மணப்பாறை முறுக்கு! 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முறுக்கு அது.

மலைப்பாதையில் வளைவுகள் அதிகம். சிலருக்கு வாந்தி வரும். இஞ்சி மரப்பா, எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். மாத்திரை தேவைப்படுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு, மலை ஏறுவதற்கு அரை மணி முன்பே சாப்பிட வேண்டும்.

தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சொந்தக் காரில் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். 2024 மே மாதம் முதல் கொடைக்கானலில் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படகில் ஏறக் கூடாதவை

சாப்பாட்டுக் கூடை படகில் ஏறக்கூடாது. கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். படகில் பங்கு போட ஆரம்பித்தால் ஆளுக்கு ஆள் எழுந்திருப்பார்கள். படகு ஆடும்.

பட்டுப்புடவை வேண்டாம். நனைந்தால் கனக்கும். காலைப் பின்னும். சுடிதாரோ, இறுக்கிக் கட்டிய நூல் புடவையோ போதும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். நகைகளை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள்.

குடை? அதுவும் வேண்டாம். இந்த ஏரிப் படகில் பாய்மரம் கிடையாது. குடையை விரித்தால் அதுவே பாய் ஆகிவிடும். காற்று அடித்தால் பிடித்திருப்பவரையும் சேர்த்து இழுக்கும். வெயிலுக்குத் தொப்பி போதும்.

செல்போன், டிக்கெட், மாத்திரை இவற்றை நீர் புகாத உறையில் போட்டுக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டுங்கள்.

உயிர் காக்கும் சட்டை

எல்லாவற்றையும் மறந்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது. அதுதான் மிதவைச் சட்டை. "லைப் ஜாக்கெட்" என்று கேட்டால் படகுத்துறையில் கொடுப்பார்கள்.

"நான் காவேரியில் நீந்தி வளர்ந்தவன். எனக்கு எதற்கு?" என்று சிலர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் ஆபத்து! காவேரியில் இறங்கும்போது இடுப்பில் ஒரு துண்டு. தண்ணீரும் அவ்வளவாகக் குளிராது. ஏரியில் விழுந்தால் ஸ்வெட்டரோடும் செருப்போடும் விழுவோம். குளிர்ந்த நீர் பட்டதும் மூச்சு திணறும். அந்த நேரம் வாய் திறந்தால் தண்ணீர் உள்ளே போகும். கைகால் ஓயும். நீச்சல் தெரிந்தவரும் தத்தளிப்பார்.

2009 செப்டம்பர் 30. கேரளத்தில் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 25. பழவேற்காடு ஏரிக்கு உல்லாசமாகப் போன உறவினர் கூட்டம். படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் பலி. அவர்களும் நம்மைப் போல் விடுமுறையைக் கொண்டாடப் போனவர்கள்தான்.

சட்டையைப் பேருக்கு மாட்டினால் போதாது. எல்லாக் கொக்கிகளையும் பூட்ட வேண்டும். பிறகு தோள் பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மோவாயைத் தாண்டி மேலே வந்தால் அது பெரிய சட்டை. வேறு கேளுங்கள். குழந்தைக்குக் குழந்தை அளவுச் சட்டைதான் வேண்டும். பெரியவர் சட்டையில் குழந்தை நழுவிவிடும்.

இவற்றையும் கட்டிக்கொள்ளுங்கள்

காசு கொடுத்து வாங்காத சாமான்கள் சில உண்டு. அவற்றுக்கு மூட்டையில் இடமும் தேவை இல்லை.

படகில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ, அத்தனை பேர்தான் ஏற வேண்டும். "மடியில் இருக்கும் பிள்ளைதானே?" என்று கணக்கில் விடாதீர்கள். அதுவும் ஓர் ஆள்தான்.

போட்டோ எடுக்க எழுந்து நிற்காதீர்கள். எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள். மழை மேகம் கண்டால் கரைக்குத் திரும்புங்கள். குடித்தவர் படகில் ஏறவே கூடாது.

அப்படியும் படகு கவிழ்ந்தால்? கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுங்கள். உதவிப் படகு வரும்.

ஸ்வெட்டரை மறந்தால் ஒரு நாள் குளிரும். புளியோதரையை மறந்தால் ஒரு வேளை பசிக்கும். மிதவைச் சட்டையை மறந்தால்? அதற்கு ஈடு எந்தக் கடையிலும் கிடைக்காது!